ஏழெட்டுப் பேர் வரைந்த நாற்பது படங்கள்

ஓவியப் படிப்பின் இரண்டாம் ஆண்டு மதிப்பீட்டுக்கு நாற்பது படங்களைக் கொண்டுபோய் வைத்தேன். ஆசிரியர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா வரைஞ்சிருக்கே. ஆனா ஏழெட்டுப் பேர் வரைஞ்ச மாதிரி இருக்கே" என்றார். அவர் சொன்னது சரி. எந்த வாரம் யாருடைய ஓவியத்தில் மயங்கினேனோ, அந்த வாரம் அவரைப் போலவே வரைந்திருந்தேன். எனக்கென்று ஒரு பாணி இல்லை.

உடனே, நகலெடுப்பதே தவறு என்று முடிவுகட்டிச் சில மாதங்கள் பிறர் ஓவியங்களைப் பார்ப்பதையே விட்டேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கை வறண்டுபோனதுதான் மிச்சம். டச்சு ஓவியர் வான்கோகூட 1887-இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மர அச்சுப் படங்களை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தார். 1889-90-இல் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுகளைப் பார்த்து வரைந்தார். அவற்றில் உருவ அமைப்பு மில்லேயுடையது, நிறம் முழுக்க வான்கோவுடையது.

இதிலிருந்து எனக்கு ஒரு பயிற்சி கிடைத்தது. பிடித்த படத்தைப் பார்த்து ஒருமுறை வரைவேன். மறுநாள் அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து வரைவேன். இரண்டாவதில் பின்னணி பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், நிழல் பக்கத்துக் கோடு தடித்திருக்கும். அந்த வித்தியாசங்களைக் குறித்துவைத்தேன்.

அடுத்து மூன்று மாதம் ஒரே நாற்காலி, கரி மட்டும். முதல் இரண்டு வாரம் சலிப்பு. தெரிந்த உத்திகளெல்லாம் தீர்ந்த பிறகுதான் நாற்காலியையே பார்க்கத் தொடங்கினேன். டச்சு ஓவியர் மொந்திரியான் மரங்களை இப்படித்தான் விடாமல் வரைந்தார்: 'சிவப்பு மரம்', 1911-இல் 'சாம்பல் மரம்', 1912-இல் பூத்த ஆப்பிள் மரம். மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோடுகளாக மாறுவதை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும்.

கடைசியில் ஓராண்டுப் படங்களைத் தரையில் பரப்பினேன். திரும்பத் திரும்ப இரண்டு விஷயங்கள் வந்திருந்தன. வெளிக்கோடுகள் எங்காவது ஓரிடத்தில் மூடாமல் நின்றன. மனித உருவங்களின் கைகளெல்லாம் சட்டைப்பையிலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தன. இரண்டையும் என் பாணி என்று நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கோட்டை மூட எனக்குத் தெரியும், வேண்டாமென்றுதான் விட்டிருக்கிறேன். கை வரையவோ எனக்கு வராது, அதனால் மறைத்திருக்கிறேன். உங்கள் படங்களிலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: வேறு மாதிரி வரைய முடிந்தும் இப்படி வரைந்தேனா? முடியாததால் வந்ததென்றால் அது இன்னும் பாணியாகவில்லை, பயிற்சி பாக்கி இருக்கிறது.

ஆறு வாரம் கைகளை மட்டுமே வரைந்தேன். இப்போது என் படங்களில் முகத்தைவிடக் கைகள்தான் முன்னால் நிற்கின்றன. மாதக் கடைசியில் தரையில் பரப்பிப் பார்ப்பதை இன்னும் விடவில்லை. போன மாதம் பார்த்தபோது, திறந்தே கிடந்த கோடுகள் சில மூடத் தொடங்கியிருந்தன. திருத்தாமல் விட்டிருக்கிறேன்.