எண்பத்தைந்து காட்டிய மிஷின்

பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கருவிகள் பற்றிய ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "அப்போ டாக்டரா?" இல்லை என்றால், "ஓ, ஐ.டி. கம்பெனியா?" அதுவும் இல்லை என்றதும் பேச்சு எனக்கு எப்போது கல்யாணம் என்பதற்குத் தாவிவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐந்து வருடம் அந்த வேலையைப் பார்த்த எனக்கே அதை இரண்டு வரியில் சொல்ல வந்ததில்லை.

2019-ல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் பயோமெடிக்கல் துறையில் ப்ராஜெக்ட் அசோசியேட்டாகச் சேர்ந்தேன். ஆணையில் பதினோரு மாதம் என்று போட்டிருக்கும். முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். திட்ட நிதி வந்தால் சம்பளம் வரும், வராத மாதங்களில் ரூம்மேட்டிடம் கடன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் பத்து நிமிடத்தில் வாங்கிவிடக்கூடிய சென்சாருக்கு மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், நான்கு கையெழுத்து, ஆறு வாரம். இதைச் சொல்ல ஆரம்பித்தால் அது வேறு கட்டுரை ஆகிவிடும், விடுங்கள்.

நாங்கள் செய்தது விரலில் மாட்டும் ஒரு சின்னக் கருவி. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, நாடித்துடிப்பு, மூச்சு விடும் வேகம் மூன்றையும் ஒரே சென்சாரிலிருந்து எடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைக்கும் அளவுக்கு விலை குறைவாகவும் இருக்க வேண்டும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு ஒன்று வாங்கி வைத்தோமே, அந்த ஆக்சிமீட்டர்தான் இதன் அடிப்படை.

அது வேலை செய்யும் விதம் எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான். விரலின் ஒரு பக்கம் இரண்டு விளக்குகள்: 660 நானோமீட்டரில் சிவப்பு, 940-ல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. மறுபக்கம் ஒளியை வாங்கும் சென்சார். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பை விட்டுவிடும், அகச்சிவப்பை விழுங்கும். ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் நேரெதிர். தோலும் எலும்பும் தசையும் கூடத்தான் ஒளியைத் தடுக்கின்றன. ஆனால் அவையெல்லாம் அப்படியே இருப்பவை. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் விரலுக்குள் வந்து போகும் தமனி ரத்தம்தான் ஏறி இறங்குகிறது. மொத்த ஒளியில் அந்த ஆட்டம் நூற்றில் ஓரிரு பங்கு இருந்தால் அதிகம். இரண்டு நிறத்திலும் அந்த ஆட்டம் அந்தந்த நிறத்தின் மொத்த ஒளியில் எத்தனை பங்கு என்று வகுத்துப் பார்த்து, சிவப்பின் பங்கை அகச்சிவப்பின் பங்கால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அதை 25-ஆல் பெருக்கி 110-லிருந்து கழித்தால் ஏறக்குறைய ஆக்சிஜன் சதவீதம். விகிதம் அரை என்றால் 97.5. பாடப்புத்தகங்களில் இருக்கும் இந்தச் சூத்திரத்தைத்தான் நாங்களும் முதலில் எழுதினோம்.

லேபில் எங்கள் விரல்களிலேயே மாட்டிப் பார்த்தோம். 98, 98, 99. மாணவர்களைக் கூப்பிட்டு மாட்டினோம். 98, 99. வரைபடத்தில் அலைகள் கோலம் போட்டது மாதிரி அழகாக இருந்தன. அந்த அலையைத்தான் என் போன் வால்பேப்பராக வைத்திருந்தேன் என்பதைச் சொல்ல இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

நடுவே 2020 டிசம்பரில், அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதிய ஒரு கடிதம் ஒரு பெரிய மருத்துவ இதழில் வந்தது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டிருந்தார்கள். உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். தோல் அசையாமல் நிற்பது, ஆகவே வகுத்தலில் அடிபட்டுப் போகும் என்றுதான் நாங்கள் படித்திருந்தோம். அப்படி முழுதாக அடிபடவில்லை. வாராந்திரக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். கருவியைச் சோதிக்கும்போது கருமையான தோல் உள்ளவர்கள் குறைந்தது இரண்டு பேர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அப்போது அமெரிக்காவில் இருந்த வழிகாட்டுதல். "நம்ம ஊர்ல வெள்ளையா ரெண்டு பேரைத் தேடித்தான் பிடிக்கணும்" என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்று முடிவு செய்துகொண்டு டீ குடிக்கப் போனோம்.

2022-ல் ஆஸ்பத்திரிக்குப் போகும் கட்டம் வந்தது. அதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளிக்குக் கொடுக்கும் தகவல் தாளைத் தமிழில் நான்தான் எழுதினேன். 'இவ்வாய்வில் தங்களது பங்கேற்பு முற்றிலும் தன்னார்வத்தின் அடிப்படையிலானது' என்று தொடங்கி நாலு பக்கம். அந்தக் குழுவில் மருத்துவர்களும் வழக்கறிஞரும் மட்டும் இருந்தால் போதாது, துறைக்குச் சம்பந்தமில்லாத பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு வாய்த்தவர் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. முதல் வரியைப் படித்துவிட்டு, "உங்களுக்கு இஷ்டம் இருந்தா சேரலாம், இல்லாட்டி வேண்டாம்னு எழுதினா என்ன குறைஞ்சிடும்?" என்றார். திருப்பி எழுதினேன். நாலு பக்கம் ஒன்றரைப் பக்கம் ஆனது. அந்த ஐந்து வருடத்தில் நான் எழுதியதிலேயே உருப்படியானது அந்த ஒன்றரைப் பக்கம்தான் என்று சில நேரம் தோன்றும்.

வார்டில் யாருக்கும் கருவியைப் பார்த்துப் பயம் இல்லை. கையெழுத்தைப் பார்த்துத்தான் பயம். "விரல்ல மாட்டத்தானே போற? அதுக்கு எதுக்குப்பா கையெழுத்து?" நியாயமான கேள்வி. அவர்கள் வாழ்க்கையில் கையெழுத்து கேட்கப்பட்ட இடமெல்லாம் கடன், பத்திரம், ஆபரேஷன். கைநாட்டு வைப்பவர்களுக்கு, எங்கள் குழுவில் இல்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவர்களை எல்லாம் சாட்சியாக்கியிருக்கிறேன்.

தோலின் நிறத்தையும் குறிக்க வேண்டும். அதற்கு 1975-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வகுத்து, பிறகு ஆறு படியாக விரிந்த அளவுகோல் ஒன்று உண்டு. வெயில் பட்டால் தோல் சிவந்து எரியுமா, கறுக்குமா என்று கேட்டுத்தான் எந்தப் படி என்று முடிவு செய்ய வேண்டும். எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டியிடம் கேட்டேன். "பாட்டி, வெயில்ல போனா உங்களுக்கு என்ன ஆகும்?" ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேர்க்கும்" என்றார்.

அந்தப் பாட்டியின் விரலில்தான் முதல் 85 வந்தது.

வாழ்நாள் முழுக்க நாற்று நட்டு, களை பறித்த கை. விரல் நுனித் தோல் தடித்து வெடித்திருந்தது. கருவி 85 காட்டியது. பதறிப்போய் வார்டு மானிட்டரைப் பார்த்தேன், 94. அடுத்தவருக்கும் 85. அதற்கு அடுத்த கட்டிலில் 96, 97 என்று ஒழுங்காக வந்தது. பிறகு மறுபடி 84, 85. சர்க்யூட்டில் ஏதோ சூடு ஏறுகிறது என்று நினைத்து மிஷினை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வார்டு சிஸ்டர் ஒருவர் தள்ளி நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு வந்து பாட்டியின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார்.

"கை ஐஸா இருக்கு பாருங்க தம்பி. இப்போ மாட்டுங்க."

93.

இரவு விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. விரலில் ரத்த ஓட்டம் குறைந்தால் துடிப்பின் ஆட்டம் சிறுத்து, இரைச்சலுக்குள், அதாவது சிக்னலோடு கலந்து வரும் வேண்டாத ஆட்டங்களுக்குள், மூழ்கிவிடுகிறது. கை நடுங்கினாலும் அதே கதை. இரைச்சல் இரண்டு நிறத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருக்கும். ஒரே அளவை ஒரே அளவால் வகுத்தால் 1. நூற்றுப்பத்தில் இருபத்தைந்து போனால் 85. எங்கள் மிஷின் 85 என்று காட்டியபோது உண்மையில் 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்லியிருக்கிறது. அதை ஒரு நோயாளியின் ஆக்சிஜன் அளவு போலச் சொல்லியிருக்கிறது, அதுதான் ஆபத்து. இந்தத் துறையில் பழுத்தவர்களுக்கெல்லாம் இது தெரிந்த விஷயம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு அந்த சிஸ்டர் மூலம்தான் தெரிய வேண்டியிருந்தது.

சரி, பிரச்சினை தெரிந்துவிட்டது, தீர்வும் கையில் இருந்தது. ஒவ்வொரு துடிப்பின் வடிவத்தையும் முந்தைய துடிப்புகளோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாத துண்டுகளை வெட்டி எறியும் ஒரு ப்ரோகிராம் எழுதினேன். இது எல்லாரும் செய்வதுதான். வெட்டியவை 'நீக்கியவை' என்று ஒரு ஃபோல்டருக்குப் போய்விடும். மிச்சத்தை வைத்துப் பிழையைக் கணக்கிட்டால் எண் அழகாக இறங்கியது. 70 முதல் 100 சதவீதம் வரையிலான அளவுகளில் பிழை 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அப்போதிருந்த ஐஎஸ்ஓ தரவிதி. நாங்கள் அதற்குள் வசதியாக இருந்தோம். கட்டுரை எழுதினோம். 'தரம் குறைந்த பதிவுகள் பகுப்பாய்வில் சேர்க்கப்படவில்லை' என்று ஒரே ஒரு வரி. மதிப்பாய்வு செய்த இருவரும் அந்த வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரை வெளியானது, லேபில் கேக் வெட்டினோம்.

சில மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. எதை அழிக்கலாம் என்று பார்த்தபோது அந்த ஃபோல்டர்தான் பெரிதாக இருந்தது. அழிப்பதற்கு முன் காகிதப் படிவங்களோடு ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று எடுத்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படிவம், பெயர் கிடையாது, எண் மட்டும். படிவங்களின் ஓரத்தில் சிஸ்டர் ரோஸ் நிறப் பேனாவால் ஏதேதோ குறித்து வைத்திருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, நானும் அதுவரை படித்ததில்லை. 'கை ஜில்.' 'பிபி லோ.' 'நடுக்கம்.' 'டயாலிசிஸ் முடிஞ்சு வந்தவர்.' ஃபோல்டரில் இருந்த எண்களையும் ரோஸ் குறிப்பு இருந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெரும்பாலும் ஒன்றே. வயதானவர்கள், ரத்த அழுத்தம் இறங்கியவர்கள், தோல் அளவுகோலில் மிகக் கருமையான ஐந்தாவது ஆறாவது படியில் இருந்தவர்கள். டீ குடிக்கப் போன அன்று நமக்கு இல்லை என்று சிரித்தோமே, அது அந்த ஃபோல்டருக்குள்தான் இருந்தது. ஆக்சிஜன் யாருக்கு இறங்கும் என்று பயந்து இந்தக் கருவியைச் செய்ய ஆரம்பித்தோமோ, அவர்களை வெளியே தள்ளிவிட்டு மிச்சம் பேரை வைத்துக் கேக் வெட்டியிருக்கிறோம்.

இந்தக் கருவியின் பிறப்பே இரைச்சலில்தான் என்பது அப்போது ஞாபகம் வந்து இன்னும் குத்தியது. ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் இருந்த டகுவோ அவோயாகி, எழுபதுகளின் தொடக்கத்தில் ஆக்சிஜனை அளக்கவே முயலவில்லை. இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று கண்டுபிடிக்க, ரத்தத்தில் சாயத்தைச் செலுத்திக் காதில் ஒளி வைத்து அளந்துகொண்டிருந்தார். நாடித்துடிப்பின் அலை நடுவில் புகுந்து வரைபடத்தைக் கெடுத்தது. இரண்டு அலைநீளங்களை வைத்து அதைச் சமன்செய்து அழிக்கப் பார்த்தார். ஆக்சிஜன் அளவு மாறும்போதெல்லாம் சமன் குலைந்தது. குலைவதையே அளந்தால் என்ன என்று யோசித்தார், 1974-ல் பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்தது. அவர் 2020 ஏப்ரலில் இறந்தார், உலகமே அவருடைய கருவியைத் தேடி அலைந்த நேரத்தில்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். மேடம் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "முதல்லயே பார்த்திருக்கணும்" என்றார், என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை. அப்புறம், "இதைத் தனியா எழுதுவோம். எத்தனை பேரை விட்டோம், யாரை விட்டோம்னு எழுதுவோம்." எழுதினோம். முதலில் அனுப்பிய இதழ் இதில் புதுமை இல்லை என்று திருப்பியது. பிறகு ஒரு மாநாட்டில் சுவரொட்டியாக ஒட்ட இடம் கிடைத்தது, சாப்பாட்டு ஹாலுக்குப் போகிற வழியில். முதல் கட்டுரையைத்தான் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

கருவியின் மென்பொருளையும் மாற்றினேன். சிக்னல் மோசமாக இருந்தால் எண் காட்டாது. இரண்டு கோடும், அதன் கீழே 'விரலைச் சூடாக்கவும்' என்ற வரியும் வரும்.

வேலையை விடுவதற்கு முந்தைய வாரம் வார்டுக்குப் போய் சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டேன். கருவியில் அந்த வரி வருவதைப் போனில் எடுத்த வீடியோவையும் காட்டினேன், அவருடைய ரோஸ் பேனா விஷயத்தையும் சொன்னேன். வீடியோவைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"விரலைச் சூடாக்கவும். அதைச் சொல்றதுக்கு எதுக்குத் தம்பி மிஷின்? நான்தான் சொல்றேனே."

"நைட் டூட்டில நீங்க இல்லாதப்போ, சிஸ்டர்?"

யோசித்தார். "சரி, அப்போ ஒண்ணு இங்க குடுத்துட்டுப் போங்க."

அது திட்ட நிதியில் செய்த பொருள், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறியிருக்கிறது, வெளியே கொடுக்க நாலு கையெழுத்து வேண்டும் என்று விளக்கினேன். அவர் பாதியிலேயே கேட்பதை விட்டுவிட்டு, ஆறாம் கட்டிலில் இருந்தவரின் கையைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்திருந்தார்.