மேசை மேல் ஒரு பிபிசி மைக்ரோ

பழைய பிபிசி மைக்ரோ ஒன்று, அதாவது 1980களின் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர், கைக்கு வந்திருக்கிறது. பவர் சப்ளையைத் திறந்தால், மெயின்ஸ் பக்கம் இருக்கும் பேப்பர் கெப்பாசிட்டரின் மேலுறை முழுக்க விரிசல். இத்தனை வருஷத்தில் ஈரம் உள்ளே இறங்கியிருக்கும், அப்படியே கரண்ட் கொடுத்தால் புகைதான், அதனால் அதை மாற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். பீப் சத்தம், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து! அம்மா எட்டிப் பார்த்து, "இவ்வளவு பெரிய பெட்டில சீரியல் வராதாடா?" என்றார். ரெண்டு பேரும் சிரித்துத் தீர்த்தோம்.

32 கேபி மெமரிதான். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பழக்க 1984இல் தொடங்கிய கிளாஸ் (CLASS) திட்டத்தில் நம் பள்ளிகளுக்குப் போனது இந்த ரகம்தான். அதே காலத்தில் மொகாலி அரசு ஆலையில் சிப்பும் செய்தோம். 1989இல் அங்கே தீப்பிடித்தது, அப்புறம் விட்ட இடத்தைப் பிடிக்கவே முடியவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் அக்கறை போதவில்லை என்பது என் கோபம். 2021இல் ஒன்றிய அரசு செமிகண்டக்டருக்கு, அதாவது சிப் தயாரிப்புக்கு, 76,000 கோடி ரூபாய் அறிவித்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் மானியம் கம்பெனிகளோடு நிற்கக் கூடாது, பாலிடெக்னிக் லேப்களுக்கும் ஆசிலோஸ்கோப், சால்டரிங் ஸ்டேஷன் எல்லாம் வாங்கக் காசு வர வேண்டும்.