ரங்கூனுக்குப் போன பையனும் சிங்கப்பூருக்கு வந்த நானும்

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு வெளிநாடு என்பது பூகோளப் பாடத்துக்கு முன்பே வீட்டுக்குள் அறிமுகமாகிவிடும். முகப்பில் நிற்கும் தூண் பர்மாத் தேக்கு என்றும், வளவில் மாட்டியிருக்கும் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது என்றும், ஊறுகாய் ஜாடி ரங்கூன் சாமான் என்றும் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். காரைக்குடிக்கு அருகில் உள்ள அந்த வீட்டின் மேல்மாடி அலமாரியில் கிடந்த ஒரு சிறுவர் நாவலைத்தான் பள்ளிப் பருவம் முழுவதும் திரும்பத் திரும்பப் படித்தேன். முன்னட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டதால் அதன் பெயரோ எழுதியவர் யார் என்பதோ வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வட்டாரத்தில் நல்ல நூல்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்த பிறகு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாகவே ஆயின. உலகம் சுற்றி எழுதிய ஏ.கே. செட்டியாரும் அதே கோட்டையூர்க்காரர்; குழந்தைக் கவிஞர் வள்ளியப்பா பிறந்த இராயவரமும் அதிக தூரமில்லை. இருந்தும் எனக்கு அந்த அட்டையில்லாப் புத்தகம்தான் பெரிது.

கதை எளியது. தகப்பனை இழந்த பையன் ஒருவன் சென்னையில் கப்பலேறி ரங்கூனுக்குப் போய், ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, சேர்கிறான். கணக்கில் நடந்த திருட்டு ஒன்றைக் கண்டுபிடிக்கிறான், உதவிக் கணக்கரான அடுத்தாளாகிறான், பிறகு கடையையே நடத்தும் மேலாளாகி, பத்து வருஷத்தில் பெரும்பணத்தோடு ஊர் திரும்பி வீடு கட்டுகிறான். வங்காள விரிகுடாவில் புயலில் கப்பல் தத்தளிக்கும் அத்தியாயத்தை மேல்மாடியில் படுத்துக்கொண்டு படிக்கும்போது எனக்கு வயிற்றைப் புரட்டும். பெண்ணாய்ப் பிறந்தாலும் ஒருநாள் கடல் கடந்து போய்விட வேண்டும் என்ற எண்ணம் அந்த மாடியில்தான் விழுந்தது.

பல வருஷம் கழித்து நான் கடந்தது என்னவோ விமானத்தில், கணினி நிறுவன வேலைக்காக, சிங்கப்பூருக்கு. எங்கள் பக்கத்தவர்களுக்கு இங்கே காலூன்றுவது மற்றவர்களைவிடச் சற்று எளிது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தேங் சாலையில் நகரத்தார் எனப்படும் எங்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1859இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. அங்கே நான் போன முதல் வெள்ளிக்கிழமையே ஓர் ஆச்சி என்னை நிறுத்தி எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்டு, எங்கள் குலப் பிரிவுகளுக்குரிய ஒன்பது நகரக் கோயில்களில் எங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு, சில நிமிஷங்களில் என்னைத் தன் பங்காளி வீட்டுப் பெண்ணாக்கிவிட்டார். தைப்பூசத்துக்குக் காவடிகள் வந்து சேருவதும் அதே கோயிலுக்குத்தான். வேலை, உறவு, கோயில், இந்தியர் கடைகள் நிறைந்த தேக்காவில் கிடைக்கும் முருங்கைக்காய் என்று எல்லாம் சீக்கிரமே அமைந்துவிட்டன. வாடகை வீடுதான் அமையவில்லை. ஒரு வீட்டுக்காரர் முகம் கோணாமல், மிக மரியாதையாகவே, இந்தியச் சமையலின் வாடை சுவரில் ஏறிவிடும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பிறகு கிடைத்த அறையில் தாளிக்கக் கூடாது என்பது நிபந்தனை. வெங்காயம் வதக்காத செட்டிநாட்டுச் சமையல் எப்படி இருக்கும் என்பதை விவரிக்க விருப்பமில்லை.

அண்மையில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பங்காளிகள் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்காத அந்தப் புத்தகத்தை நான் எடுத்து வந்தேன். சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் அதை மறுபடி படித்தபோது முதலில் தட்டியது மொழிநடை; அது இத்தனை தட்டையாக இருந்ததா என்று தோன்றியது. அது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைதான். ஆனால் சிறு வயதில் விழுந்து விழுந்து சிரித்த ஒரு பக்கம் இருக்கிறது. பையன் ஒரு பர்மியக் குடியானவன் வீட்டுக்கு வட்டி வாங்கப் போகிறான். அங்கே ஙாப்பி என்னும் மீன் விழுது வெந்துகொண்டிருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு திண்ணையிலேயே நின்று, மேல்துண்டால் முகத்தைப் பொத்தியபடி பணத்தை எண்ணுகிறான். அதைப் பார்த்து அந்த வீட்டுப் பிள்ளைகள் ஓடி ஒளிகிறார்கள். தாளிக்கக் கூடாத அறையில் இருந்துவிட்டு வந்தவளுக்கு அந்தப் பக்கத்தில் சிரிப்பு வரவில்லை. அந்தக் குடியானவனுக்குப் பெயரில்லை. தேடிப் பார்த்தேன், புத்தகம் முழுவதிலும் பர்மியர் ஒருவருக்கும் பெயரில்லை. பத்து வருஷம் அந்த நாட்டில் இருந்தவன் அந்த நாட்டார் யாரோடும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதாகவும் இல்லை.

இதில் ஆசிரியர் பொய் சொல்லிவிட்டார் என்று சொல்ல முடியாது. லேவாதேவிக்காரர்கள் சேர்ந்து தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியின் வாழ்க்கை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் பாயும். பகலில் அதுவே கடை, இரவில் அதுவே படுக்கை. ஊரிலிருந்து வந்த சமையல்காரர், ஊர்ச் சாப்பாடு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் அப்படிப்பட்ட கிட்டங்கிகள் இருந்தன. இன்று அங்கே அலுவலகக் கோபுரங்கள்தான். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊர், பிறகு மறுபடி கப்பல். இதை உழைப்பு என்றும் கட்டுப்பாடு என்றும் நாவல் கொண்டாடுகிறது. ஊரில் இருந்தவர்கள் பக்கம் அது திரும்பவே இல்லை. பையனின் தாய் முதல் அத்தியாயத்தில் அழுது கடைசி அத்தியாயத்தில் ஆனந்தக் கண்ணீர் விடுவதோடு சரி. எங்கள் அப்பத்தாவின் தகப்பனாரும் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். அவரைப் பற்றிக் கேட்டால் அப்பத்தா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "எங்க அப்பச்சி வந்துட்டு வந்துட்டுப் போவாக, இருந்தாகன்னு சொல்ல முடியாது."

நிலம் பற்றிய பகுதி இன்னும் மோசம். கடன் அடைக்க முடியாத குடியானவர்கள் சோம்பேறிகள் என்று ஒரே பத்தியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. 1930ஐ ஒட்டி உலக மந்தத்தில் நெல் விலை சரிந்ததும், கடன் கொடுத்தவர்கள் கைக்கு நிலம் வந்து குவிந்ததும் அதில் இல்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 சதவீதமாயிற்று. வட்டிக்குக் கொடுக்கிறவனுக்கு வயல் வேண்டாம், பணம்தான் திரும்ப வேண்டும் என்பதும், ஐராவதிக் கழிமுகம் நெல் வயலானதில் அந்தக் கடனுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் உண்மையே. 1942இல் ஜப்பானியர் வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததையும், 1948இல் நிலங்கள் தேசியமயமானதையும் எங்கள் வீட்டில் இன்றும் இழவு வீட்டுக் குரலில்தான் பேசுவார்கள். நாங்கள் இழந்த கதை எனக்கு மனப்பாடம். அந்த நிலத்தை எங்களுக்கு முன்பே இழந்தவர்களின் கதையை வீடும் சொல்லவில்லை, புத்தகமும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் அந்தக் கழிமுகத்தைச் சேர்ந்தவள். என் பூர்வீகத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே, "எங்கள் பாட்டி நிலம் போன கதையை ஆரம்பித்தால் முதலில் உங்கள் ஆட்கள்தான் வருவார்கள்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். பல மாதமாகப் பக்கத்து மேசையில் இருந்தும் அவள் சொந்த ஊர் எது என்று அதுவரை நான் கேட்டிருக்கவில்லை. நண்பர்கள் என்று நான் கைப்பேசியில் வைத்திருக்கும் குழுக்களை அன்று மாலை பார்த்தேன்: ஊர்க் குழு, கோயில் குழு, கல்லூரித் தமிழ்க் குழு. அந்தப் பையன் மீது எனக்கு வந்த எரிச்சலில் பாதி அங்கே கரைந்தது. கிட்டங்கி இடிந்தாலும் அதற்குள் இருக்கும் பழக்கம் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைப் பர்மியர்கள் கூடும் பெனின்சுலா பிளாசாவுக்கு அழைத்துப் போய் மொஹிங்கா வாங்கிக் கொடுத்தாள். மீன் குழம்பில் மிதந்த அரிசி நூடுல்ஸும், அதற்குள் நம் ஊரைப் போலவே வட்டவட்டமாக நறுக்கிய வாழைத்தண்டும். வாடை பலமாகத்தான் இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஊறவைத்த தேயிலையில் வறுத்த பருப்பும் பூண்டும் போட்டுப் பிசறிய கலவை மட்டும் பிடித்துப்போய் ஒரு பொட்டலம் வாங்கினேன். அடுத்த வாரம் அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இப்போதைய வீட்டில் தாளிக்கலாம் என்பதால் கோழிக் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். காரத்தைக் குறைக்கச் சொல்லி இரண்டு முறை செய்தி அனுப்பிவிட்டாள்.