பேட்ச் பேனல் பிராக்டிகல்: இரண்டாம் தடவையில் பாஸ்

நேற்று நெட்வொர்க் கேபிளிங் பிராக்டிகல் ரிசல்ட் வந்தது. பாஸ். (கட்டடத்துக் கேபிள்களெல்லாம் ஒரே இடத்தில் வந்து முடியும் பலகைதான் பேட்ச் பேனல்.) ஆயா சாமி விளக்கை ஏற்றிவிட்டு, "இனிமே அந்த கம்பியெல்லாம் கட்டிலுக்கு அடியில போடாதே" என்றார்.

கேபிளுக்குள் நாலு நிறத்தில் நாலு ஜோடிக் கம்பி இருக்கும். முதல் தடவை என்னைக் கவிழ்த்தது அதில் ஆரஞ்சும் பச்சையும். பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் ஏ, பி என்று இரண்டு நிற வரிசை இருக்கும், கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே வரிசைதான் வர வேண்டும். இரண்டிலும் நீலமும் பழுப்பும் ஒரே இடம்தான், மற்ற இரண்டு ஜோடிதான் இடம் மாறும். சுவர் சாக்கெட்டை பி-யில் முடித்துவிட்டு, பதற்றத்தில் பேனலை ஏ பார்த்துக் குத்தினேன் (கம்பியை டூலால் பள்ளத்தில் அழுத்துவதுதான் குத்துவது). எட்டு கேபிளும்! டெஸ்டரில் 1-ஆம் கம்பி போய் 3-இல் நின்றது, 2-ஆம் கம்பி போய் 6-இல். எக்ஸாமினர் ஒன்றும் பேசாமல் பேப்பரில் ஒரு கோடு போட்டார்.

கொடுமை என்னவென்றால், டர்பன் சாட்ஸ்வர்த்தில் மாமா ஆபீசுக்கு நான் போட்டுக்கொடுத்த வயரிங்கிலும் இதே தப்பு. ஒரு வருஷமாக நெட் ஓடுகிறது! இப்போதைய நெட்வொர்க் சுவிட்சுகள் (கேபிள்களை இணைக்கும் பெட்டிகள்) இப்படி மாறிப்போன குறுக்கு வயரிங்கைத் தாங்களே கண்டுபிடித்துச் சமாளித்துக்கொள்ளும். அதனால் நெட் வருவதை வைத்து வயரிங் சரி என்று நம்பாதீர்கள்.

இரண்டாம் தடவை டூலைத் தொடுவதற்கு முன்பே ஏ வரிசை மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டேன். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அப்புறம், ஒரு கேபிளை முடித்து டெஸ்ட் செய்துவிட்டுத்தான் அடுத்த ஏழு. வேகம் முக்கியம் என்பார்கள் சீனியர்கள். எனக்கு வேகம் வராது, ஆனாலும் கடைசியில் ஆறு நிமிஷம் மிச்சம் இருந்தது.

மற்றவை:
- கம்பி ஜோடியின் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள்.
- டூலின் வெட்டும் பக்கம் வெளியே பார்க்கட்டும். திருப்பிப் பிடித்தால் கேபிளிலிருந்து வரும் கம்பியே துண்டாகும்.
- கேபிளை இழுக்கும் முன்பே இரண்டு முனையிலும் லேபிள்.
- பிளாஸ்டிக் டை போட்டு இறுக்காதீர்கள், வெல்க்ரோ போதும்.
- பேனலிலிருந்து சுவர் சாக்கெட் வரை 90 மீட்டருக்குள், இரண்டு முனையிலும் சொருகும் கேபிள்கள் சேர்த்து 10 மீட்டருக்குள்.

லோட்ஷெடிங் (மின்வெட்டு) இரவுகளில் டார்ச் வைத்துப் பழகாதீர்கள். ஆரஞ்சும் பழுப்பும் ஒரே மாதிரி தெரியும், கை தப்பாகவே பழகிவிடும். நான் ஒரு வாரத்தை அப்படித் தொலைத்தேன்.

சனிக்கிழமை மாமா ஆபீஸ் பேனலைப் பிரித்து மறுபடி குத்தப்போகிறேன். "நெட் வருதேடா, ஏன் கை வைக்கிறே?" என்கிறார்.