ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் கை நிற்கட்டும்

விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து வரும் ஆணுக்குக் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போடும் முன் ஆண்குறியின் நுனியைப் பார்க்க வேண்டும். சில நொடி வேலைதான். அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான். அங்கே ரத்தம் தெரிந்தால், சிறுநீர் முட்டியும் போக முடியாவிட்டால், விதைப்பைக்குப் பின்னால் கன்றிப்போயிருந்தால், யூரித்ரா, அதாவது சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியே வரும் பாதை, கிழிந்திருக்கலாம். ரத்தம் இல்லை என்பதற்காகக் காயம் இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கதீட்டரைத் தள்ளினால் பாதிக் கிழிசல் முழுக் கிழிசலாகலாம்.

சந்தேகத்தைத் தீர்ப்பது ரெட்ரோகிரேட் யூரித்ரோகிராம், அதாவது நுனி வழியாக மருந்து செலுத்தி யூரித்ராவை எக்ஸ்ரே எடுப்பது. 12 அல்லது 14 பிரெஞ்ச் (குழாயின் பருமன் அளவு) ஃபோலியை, அதாவது முனையருகே பலூன் உள்ள கதீட்டரை, நுனிக்குச் சற்று உள்ளே வைத்து, பலூனில் 1 முதல் 2 மில்லி நீர் மட்டும் ஏற்றி, 20 முதல் 30 மில்லி கான்ட்ராஸ்ட்டை (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து) மெதுவாகச் செலுத்துகிறோம். வேகமாக அழுத்தினால் மருந்து ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து படம் குழம்பிவிடும். வழக்கமாக நோயாளியை 30 முதல் 45 டிகிரி சாய்த்து எடுப்போம். இடுப்பெலும்பு நிலையாக இல்லையென்றால் அவரைப் புரட்டவே கூடாது, மல்லாந்த நிலையில் எக்ஸ்ரே குழாயைத்தான் சாய்க்க வேண்டும். மருந்து வெளியே கசிந்தும் சிறுநீர்ப்பையை எட்டினால் பாதிக் கிழிசல். துளியும் எட்டாவிட்டால் பெரும்பாலும் முழுக் கிழிசல்.

முழுக் கிழிசலில் சிறுநீரை எஸ்.பி.சி. (அடிவயிறு வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் வைக்கும் குழாய்) போட்டு வெளியேற்றுவதே பாதுகாப்பு. சிறுநீர்ப்பை நிரம்பாமல் இருக்கும்போது அல்ட்ராசவுண்ட் பார்க்காமல் ஊசியை இறக்கினால் குடலில் குத்திவிடக்கூடும். அதே எஸ்.பி.சி. வழியாக கான்ட்ராஸ்ட் ஏற்றிச் சிறுநீர்ப்பையும் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதை மறக்கலாகாது. பின்பகுதி யூரித்ரா அறுந்திருந்தால் தழும்பை நீக்கி இரு முனைகளையும் இணைக்கும் அறுவைக்குக் குறைந்தது 3 மாதம் பொறுக்க வேண்டும். ரத்தக்கட்டு கரைந்து, தழும்பு இறுகாமல் தையல் நிற்காது. வயிற்றில் டியூபோடு காத்திருப்பது கொடுமைதான். காரணத்தை முதல் நாளே சொன்னால் நோயாளி தாங்கிக்கொள்கிறார். விறைப்புக் குறை வரக்கூடும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். வெட்கத்தில் அவராகக் கேட்கமாட்டார்.

மனதை உறுத்துவது வார்டிலேயே நாம் உண்டாக்கும் காயம். கதீட்டர் பாதி வழியில் இருக்கும்போதே பலூனை ஊதிவிடுகிறார்கள். ஜெல் 10 மில்லி செலுத்தி 3 நிமிடமாவது பொறுங்கள். கதீட்டர், அதன் வெளிமுனை இரண்டாகக் கிளை பிரியும் இடம் வரை உள்ளே போய், சிறுநீரும் வந்த பிறகே பலூனைத் தொடுங்கள். ஊதும்போது வலித்தாலோ நீர் ஏற மறுத்தாலோ, ஏற்றியதை உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.