அலுமினியக் கேனைத் தகர விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் புத்தாண்டுக் கொண்டாட்டம் முடிந்ததும் குளிர்பானக் கேன்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. அவற்றோடு அக்கம்பக்கத்து வீடுகளில் சேர்ந்திருந்தவற்றையும் வாங்கி, கழுவி, நசுக்கி, சாக்கில் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் சாக்கின் வாயைக்கூடப் பிரிக்கவில்லை. மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "எல்லாம் தகரம்தானே அம்மா, கிலோவுக்கு 20 ரூபாய் போட்டுத் தருகிறேன்" என்றார். அந்தக் கோபம் இன்னும் எனக்கு அடங்கவில்லை. வீட்டில் கேன் சேர்ப்பவர்கள் யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கழுவுவது எளிது. கால் டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தால் போதும். ஆனால் ஈரம் காயாமல் மட்டும் நசுக்கிவிடாதீர்கள். மடிப்புக்குள் சிக்கிய சர்க்கரைத் தண்ணீர் புளித்து நாறும். பால்கனி முழுக்க எறும்பு வரும்.

நசுக்குவதற்கு, கைப்பிடியை இழுத்து அழுத்தும் சுவர்க் கருவி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். வழக்கமான 330 மி.லி. கேன் அதில் அழகாக அப்பளமாகிறது. ஒல்லியான 250 மி.லி. கேன் உள்ளே நிற்காமல் சாய்ந்து கோணலாக மடங்குகிறது. 500 மி.லி. கேன் நுழையவே இல்லை. வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டுக் கேனின் உயரத்தை அளந்து பாருங்கள், விளம்பரப் படத்தை நம்பாதீர்கள். இன்னொன்று, கருவியோடு கொடுக்கும் பிளாஸ்டிக் முளைகள் ஹாலோ பிளாக் சுவருக்கு உதவாது. நான்கைந்து இழுப்பிலேயே ஸ்குரூவோடு சுவர்ப் பூச்சும் பெயர்ந்து வந்தது. தச்சரிடம் ஒரு கனமான பலகை வாங்கி அதில் பூட்டிய பிறகு இன்றுவரை அசையவில்லை.

கருவி இல்லாமலும் செய்யலாம். கேனின் நடுவில் இரு பக்கமும் கட்டைவிரலால் அமுக்கிப் பள்ளம் செய்துவிட்டு, நிமிர்த்தி வைத்து, கனமான அடிப்பாகம் உள்ள ஷூவால் நேராக மிதித்தால் வட்டமாகப் படியும். டைல்ஸ் தரையில் வேண்டாம். பலகையின்மேல் சாக்கு விரித்து மிதியுங்கள், கீழ்வீட்டுக்காரர்களுக்கும் சத்தம் போகாது. வெறுங்கையால் முறுக்கிக் கிழிக்கவே கூடாது. அந்தத் தகடு பிளேடுபோல் அறுக்கும். வாசனைத் திரவிய ஸ்பிரே, கொசு மருந்து ஸ்பிரே போன்ற டப்பாக்களை எக்காரணம் கொண்டும் நசுக்காதீர்கள். காலியானதாகத் தோன்றினாலும் உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கும், வெடித்துவிடும்.

இனி கடைக்கு வருவோம். என் பையில் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்று இருந்தது. சாக்கைப் பிரித்து, ஒரு கேனை எடுத்துக் கடைக்காரர் முன்னாலேயே காந்தத்தை வைத்தேன். ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அவர் கடையில் கிடந்த ரசகுல்லா டப்பாவில் வைத்தேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. "அண்ணே, இது தகரம், இது அலுமினியம். இரண்டுக்கும் ஒரே விலையா?" என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். "நசுக்கிக் கொண்டுவந்தால் உள்ளே மண் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எடை கூட்டுவதற்காகக் கேனுக்குள் மண் போட்டு நசுக்கி விற்பவர்கள் உண்டு என்பதால், சில கடைகளில் நசுக்கிய கேன் என்றாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் அதற்கு விடை என் கையில் இருந்தது. 330 மி.லி. காலிக் கேன் ஒன்று ஏறக்குறைய 13, 14 கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ சேர எழுபது கேனுக்கு மேல் வேண்டும். அளவு வாரியாகப் பிரித்து, எண்ணி, வீட்டுத் தராசில் எடை போட்டு, சீட்டு எழுதிச் சாக்கில் கட்டியிருந்தேன். எண்ணிக்கையும் எடையும் பொருந்தினால் உள்ளே மண் இல்லை. "நீங்களே எண்ணி நிறுத்துப் பாருங்கள்" என்றேன்.

நிறுத்தார். சீட்டில் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைவாகக் காட்டியது அவருடைய மின்னணுத் தராசு. பக்கத்து மளிகைக் கடைக்குப் போய் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வாங்கி வந்து அதே தட்டில் வைத்தேன். 870 கிராம்! அவர் ஒன்றும் பேசவில்லை. வியாபாரத்துக்கு வைத்திருக்கும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை பெற வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. அந்தத் தராசில் முத்திரையைத் தேடினேன், காணவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்துப் போன சின்னக் கடையில் கேனே வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டோ செலவுதான் மிச்சம். கடைசியில், சின்னக் கடைகளிடமிருந்து சரக்கெடுக்கும் மொத்தக் கடை ஒன்றைப் பிடித்தேன். அங்கே அலுமினியமே தனித்தனிக் குவியலாக இருந்தது: பாத்திரம் ஒருபக்கம், கம்பி ஒருபக்கம், கேன் ஒருபக்கம். அங்கிருந்த பெரியவர் தானே ஒரு காந்தத்தை எடுத்துச் சாக்குக்குள் துழாவினார். அவ்வளவுதான் சோதனை. கேனுக்குக் கிலோ 90 ரூபாய் கொடுத்தார். பாத்திரத்துக்கு இதைவிடக் கூடுதல் விலை உண்டாம். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டேன். "கேன் மெல்லிசு அம்மா. வெளியே பெயின்ட், உள்ளே பூச்சு. உருக்கும்போது கொஞ்சம் எரிந்தே போய்விடும்" என்றார். ஒளிவுமறைவு இல்லாத அந்தப் பதிலுக்காகவே இனி என் கேன் எல்லாம் அவருக்குத்தான்.

இத்தனை பாடு எதற்கு என்று என் மாமியாரே கேட்டார். பழைய அலுமினியத்தை உருக்கி எடுக்க, பாக்சைட் என்ற தாதுக்கல்லிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் மின்சாரம், எரிபொருளில் 5 சதவீதம் அளவே போதும். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியெடுத்தார்கள். ஒவ்வொரு கேனும் குப்பைமேட்டுக்குப் போகும்போது இன்னொரு மலையைத்தான் தோண்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிட்னியில் இருக்கும் என் தங்கையிடம் நசுக்கும் கருவியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னபோது பதறிவிட்டாள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2017 முதல் காலிக் கேனைத் திருப்பிக் கொடுத்தால் 10 சென்ட் தருகிறார்கள். ஆனால் கேன் நசுங்காமல் இருக்க வேண்டும். இயந்திரம் பார்கோடைப் படித்துத்தான் காசு கொடுக்கும். அங்கே இருப்பவர்கள் கழுவிக் கவிழ்த்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே இருப்பவர்கள் காந்தத்தையும் எடைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.