6 மணி நேர மலைச்சைக்கிள் போட்டி: எட்டாம் சுற்று எங்கே போயிற்று?

எங்கள் வட்டாரத்தில் நடந்த 6 மணி நேர மலைச்சைக்கிள் போட்டியில், தனிநபர் பிரிவில், முதன்முறையாகக் கலந்துகொண்டேன். 9 கிலோமீட்டர் காட்டுப்பாதையை நேரம் முடிவதற்குள் எத்தனை முறை சுற்றி முடிக்கிறோம் என்பதே கணக்கு. எட்டுச் சுற்று ஓட்டிவிடலாம் என்று நம்பியிருந்தேன், ஏழுதான் முடிந்தது. நினைவு மங்குவதற்குள் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

14 வாரப் பயிற்சியில் எனக்கு அதிகம் கைகொடுத்தது, ஓட்டிக்கொண்டே சாப்பிடப் பழகியதுதான். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து இருப்பு, கடுமையாக மிதித்தால் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் தீரத் தொடங்கிவிடும். ஆகவே மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்று வைத்துக்கொண்டு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் ஒலிக்கும்படி செய்திருந்தேன். முதல் சில வாரங்களில் வயிறு மறுத்தது, பிறகு பழகிக்கொண்டது.

முதல் ஏற்றத்தில் பலர் என்னை முந்திச் சென்றார்கள். இதயத்துடிப்பு 150-ஐத் தாண்டக் கூடாது என்ற முடிவில் நான் உறுதியாக இருந்தேன். மூன்றாம் சுற்றில் அவர்களில் சிலரை அதே ஏற்றத்தில் கடந்தபோது மனம் நிறைந்தது. இறக்கங்களில் பெடல்களைச் சமமாக நிறுத்தி, குதிகாலைத் தாழ்த்தி, வளைவுக்கு முன்பே ஒரே விரலால் பிரேக் பிடித்ததால் முன்கைகள் சோர்ந்துபோகவில்லை. முதல் மூன்று சுற்றுகளும் 42 நிமிடத்தை ஒட்டியே அமைந்தன.

நான்காம் சுற்றில், வேர்கள் குறுக்கிடும் இறக்கத்தில், முன்சக்கரத்திலிருந்து 'உஸ்' என்று சத்தம் வந்தது. என்னுடையது ட்யூப்லெஸ் டயர். ஓட்டையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிப் பிடித்தால், உள்ளே இருக்கும் சீலன்ட் என்னும் அடைப்புத் திரவம் வழிந்து வந்து தானாக அடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. முள் குத்திய துளை, அதை அடைக்கும் ரப்பர் துண்டான பிளக் நுழைய முடியாத அளவுக்குச் சிறியது. ஊசியால் அகலப்படுத்தி பிளக்கைச் செருகிக் காற்றடித்தேன், ஓரத்தில் கசிந்துகொண்டே இருந்தது. டயரின் ஒரு பக்கத்தைக் கழற்றிப் பார்த்தபோது, உள்சுவர் முழுவதும் சீலன்ட் காய்ந்து, பாலாடைபோல ஒட்டியிருந்தது. அதை ஊற்றி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. சீலன்டின் ஈரம் நாளடைவில் வற்றிவிடும், வெப்பத்தில் இன்னும் விரைவாக வற்றும் என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. ஆனாலும் திறந்து பார்க்கவில்லை.

மாற்று ட்யூப் கையில் இருந்தது. அதைப் போடுவதற்கு முதலில் ட்யூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும். அதன் நட்டை நானே அளவுக்கு மீறி இறுக்கியிருந்ததால் விரலுக்கு அசையவில்லை. பின்னால் வந்த ஒருவர், தம்முடைய நேரம் போவதைப் பொருட்படுத்தாமல் நின்று, சிறிய இடுக்கி ஒன்றைக் கொடுத்தார். மொத்தம் 31 நிமிடங்கள் கழிந்தன. ட்யூப் ரிம்மில் நசுங்கி வெடித்துவிடாதிருக்க, காற்றழுத்தம் 20 பிஎஸ்ஐ இருந்த இடத்தில் 28 வைக்க வேண்டியதாயிற்று. அதன்பின் ஒவ்வொரு வேரும் உள்ளங்கையில் அடித்தது, சுற்றுக்கு 46 நிமிடமானது. ஆறாம் சுற்றில் தொடை பிடித்துக்கொண்டபோது கியரைக் குறைத்து வேகமாக மிதித்துச் சமாளித்தேன். ஏழாவதை முடித்தபோது 16 நிமிடம் மிச்சமிருந்தது. இன்னொரு சுற்றுக்கு அது போதாது.

மறுநாள் இரண்டு டயர்களையும் கழற்றிச் சுத்தம் செய்து, தலா 100 மில்லி புதிய சீலன்ட் ஊற்றி, தேதியை ரிம்மில் எழுதினேன். வால்வு நட்டை இனி விரலால் மட்டுமே இறுக்குவேன். ஒரு சிறிய இடுக்கியும் கருவிப் பையில் சேர்ந்துவிட்டது. பின் டயரும் உள்ளே காய்ந்துதான் கிடந்தது. அதில் மூன்று முட்கள் முனை தெரியக் குத்தி நின்றன. போட்டி முழுவதும் அந்த முட்களே துளைகளை அடைத்துக்கொண்டு காற்று வெளியேறாமல் தடுத்திருக்கின்றன.